இரண்டு அளவு சிறியது

இதில் எல்லாமே எனக்குச் சரியாக நினைவிருக்கிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன். நடந்தது ஐம்பத்தெட்டிலா ஐம்பத்தொன்பதிலா என்பதிலேயே குழப்பம். எல்வா பேசியதாக நான் எழுதும் சில பேச்சுகள் அவளோடு வேலை பார்த்த மாவிஸ் சொல்லிக் கேட்டவை. மாவிஸ் எதையும் உப்பு காரம் சேர்க்காமல் சொல்கிறவள் இல்லை. விருந்து அன்றைக்கு மழை பெய்ததா, வெறும் காற்றுதானா என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். மோதிரத்தின் கதையை மட்டும் யாரும் மாற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடிலெய்டுக்குத் தொலைவில், தென்கடல் கரையில் இருக்கும் ஆர்டன் துறையில் கல்யாணமான ஆண் மோதிரம் போடுவதா வேண்டாமா என்று அவனை யாரும் கேட்டதில்லை. எட்டு மாதம் கடல் அதை முடிவு செய்தது. நாலு மாதம் பெண்டாட்டி முடிவு செய்தாள். அக்டோபர் முதல் தேதி சிங்கி இறால் பருவம் தொடங்கும். அன்றைக்கு விடிந்ததும் படகு கட்டும் மரப்பாலமான ஜெட்டியில் ஒவ்வொரு பெண்ணும் புருஷன் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றித் தன் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வாள். மே மாதம் கடைசிச் சனிக்கிழமை ஊர்க்கூடத்தில் ஆட்டுக்கறி விருந்து. அங்கே எல்லார் முன்னாலும் திரும்ப மாட்டிவிடுவாள்.

காரணம் இல்லாமல் இல்லை. சிங்கி பிடிக்கும் கூண்டை மேலே இழுக்கும் கயிறு உருளையில் சுற்றும்போது மோதிரத்தில் சிக்கினால், கயிறு விரலை விடாது, விரல் ஆளை விடாது. எல்வாவின் அப்பா படகில் அப்படி ஒருவன் போனான். உடலை எடுத்தபோது மோதிரத்தை அரத்தால் அறுத்துத்தான் விதவை கையில் கொடுக்க முடிந்தது. அதிலிருந்து அறுத்த மோதிரம் என்றாலே பிணத்தின் மோதிரம் என்று ஆகிவிட்டது. உயிரோடு இருக்கிறவன் மோதிரத்தை அறுத்தே ஆகவேண்டும் என்றால், ஜெட்டியில் வைத்து, பெண்டாட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டு சம்மதம் சொல்ல வேண்டும். தானாகப் போய் அறுத்துக்கொண்டு வந்தவனை எந்தப் படகும் ஏற்றாது.

எல்வாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. புருஷன் ஆல்பி, அவளுடைய அண்ணன் நெவில் படகில் கூண்டு இழுக்கிறவன். பிள்ளை இல்லை. அவள் கரையில் இருக்கும் இறால் கொட்டகையில் வேலை செய்தாள். அவித்துக் கொட்டிய சிங்கியைத் தலை வேறு வால் வேறாகத் திருகிப் பிரிக்கும் வேலை. முள் குத்திக் குத்திக் கை மரத்துப்போகும். வேலை பாதி, பேச்சு பாதி.

ஆம்பளைகளும் மோதிரமும் என்று பேச்சு வந்துவிட்டால் அன்றைக்குப் பொழுது போவது தெரியாது. நகரத்திலிருந்து வந்த பள்ளிக்கூடத்து வாத்தியார் மோதிரமே போடுவதில்லை என்று ஒருத்தி சொன்னாள்.

"ஏன், சாக்பீஸ் இழுத்துட்டுப் போயிருமாக்கும்," என்றாள் மாவிஸ். "என் ஆளுக்குப் போட்டா அரிக்குதாம். பதினேழு வருஷமா அரிக்குது. எனக்குந்தான் அரிக்குது, நான் கழட்டி வச்சிட்டா திரியுறேன்?"

எல்வா சிரித்துக்கொண்டாள். அவளுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. மற்ற ஆண்கள் விருந்தில் பல் பிடுங்கப் போகிறவன் மாதிரி கையைக் கொடுப்பார்கள். ஆல்பி சாப்பாட்டுத் தட்டு வருவதற்கு முன்பே கையை நீட்டிவிடுவான். அதை அவள் எத்தனையோ முறை அந்த மேசையில் சொல்லியிருந்தாள்.

அந்த வருஷம் மார்ச்சில் தெற்குக் காற்று ஓயவே இல்லை. காற்று பிடித்துக்கொண்டால் நெவிலின் படகு ஊர் திரும்பாமல் கிழக்கே விண்டன் துறையில் ஒதுங்கும். இரண்டு நாள், சில நேரம் நாலு நாள். அது வழக்கம்தான். காற்று விழுந்து படகுகள் மறுபடி கடலுக்குப் போன ஒரு நாளில், கொட்டகை லாரி சரக்கோடு விண்டன் ரயிலடிக்குப் போனது. வழக்கமாகச் சரக்குச் சீட்டு எடுத்துக்கொண்டு கூடப் போகும் பெண்ணுக்குக் காய்ச்சல். எல்வா போனாள். சரக்கு ஏற்றி முடிய நேரமாகும் என்றதால் ரயிலடிக்கு எதிரே இருந்த தேநீர்க் கடைக்குள் நுழைந்தாள்.

கடை ரோமா என்கிற விதவையுடையது. முப்பத்தைந்து வயதிருக்கும். மாவு ஒட்டிய கை, வாய் ஓயாத பேச்சு, பார்த்ததும் பிடித்துப்போகிற முகம். தேநீரும் சூடான ஸ்கோன் ரொட்டியும் ஜாமும் கொண்டுவந்து வைத்துவிட்டு எல்வாவின் கையைப் பார்த்தாள்.

"கட்டைவிரல்ல இவ்வளவு பெரிய மோதிரமா?"

"வீட்டுக்காரரோடது. கடலுக்குப் போயிருக்காரு."

"அப்ப ஆர்டன்தான் நீங்க. ஆல்பியத் தெரியுமே உங்களுக்கு? நெவில் படகுல இருக்காரே."

தெரியும் என்றாள் எல்வா.

"பாவம் அந்த மனுஷன்." ரோமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "சம்சாரம் போயி மூணு வருஷமாகுதாம். நெஞ்சுச் சளி. உங்க ஊர்ல பெண்டாட்டி செத்தா புருஷன் மோதிரத்தையும் கூடவே வச்சுப் பொதைச்சிருவாங்களாமே. வெறும் விரலக் காட்டிச் சொன்னாரு. சொல்லும்போதே அழுதுட்டாரு. ஆம்பள அப்படி அழுது நான் பாத்ததில்ல."

எல்வா ஸ்கோனைப் பிட்டு ஜாம் தடவினாள்.

"எங்க பொதைச்சிருக்குன்னு சொன்னாரா?"

"பைன் மரத்துக்குக் கீழயாம். கடல் தெரியுமாம்."

"ஆமா. நல்ல எடம்."

மே முடியட்டும், அப்புறம் பாதிரியாரிடம் பேசலாம் என்று ஆல்பி சொல்லியிருக்கிறான் என்பதையும் ரோமா சொன்னாள். சொல்லும்போது கழுத்து வரை சிவந்தாள். ஊரில் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். எல்வா சொல்ல மாட்டேன் என்றாள். சொல்லவும் இல்லை. ஸ்கோனைத் துணுக்கு மிச்சமில்லாமல் தின்றுவிட்டு எழுந்தாள்.

லாரியில் திரும்பும் வழியெல்லாம் அவள் யோசித்தது ரோமாவைப் பற்றி இல்லை. இன்னொருத்தியிடம் போனான், சரி. ஆண்கள் போகிறார்கள். வெறும் விரல்தானே, தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல், எந்த வழக்கம் அவளுக்குப் பெருமையோ அந்த வழக்கத்தையே வளைத்து அவளைக் குழிக்குள் இறக்கியிருக்கிறான். நெஞ்சுச் சளி. பைன் மரம். இடம்கூட யோசித்து வைத்திருக்கிறான். அவன் அழுதான் என்பதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. உயிரோடு இருந்த பத்தொன்பது வருஷத்தில் அவளுக்காக அவன் ஒரு முறைகூட அழுததில்லை.

ஏப்ரலில் பல் வலி என்று சொல்லிவிட்டு நகரத்துக்குப் போனாள். லிண்ட்னர் என்ற பழைய பொற்கொல்லர் மோதிரத்தை வாங்கிப் பார்த்தார். அவள் இரண்டு அளவு சிறிதாக்கச் சொன்னாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஆள் இளைத்துவிட்டாரா என்று கேட்டார். இல்லை என்றாள். இந்த அளவில் விரல் கணுவைத் தாண்டி ஏற்றுவது கஷ்டம், ஏறிவிட்டால் இறங்கவே இறங்காது என்று அவர் எச்சரித்தார்.

"ஏறினாப் போதும்," என்றாள் எல்வா.

அந்த ஐந்து வாரமும் அவனுக்கு ரொட்டியும் கொழுப்பும் எடுத்துவைத்து அனுப்பினாள். சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். காற்றடித்த நாட்களில் அவன் விண்டனில் ஒதுங்கினான். திரும்பி வந்ததும் அங்கே மழையா என்று கேட்டாள்.

விருந்து அன்று கூடத்தில் ஆவி பறந்தது. வேகவைத்த ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, பீர். நெவில் ஒரு கரண்டியால் மேசையைத் தட்டினான். பெண்கள் எழுந்தார்கள். ஆல்பி வழக்கம் போலவே கையை முதலில் நீட்டினான். அந்த வருஷமும் நீட்டினான் என்பதை எல்வா பார்த்துக்கொண்டாள்.

மோதிரம் கணுவில் நின்றது. அவன் குனிந்து பார்த்தான். எல்வா மேசையிலிருந்து விரலால் வெண்ணெயை வழித்தெடுத்துத் தடவி, திருகி அழுத்தினாள். எட்டு மாதம் வால் திருகிய கை. தோல் சுருண்டு பின்னால் போனது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆல்பிக்குக் கறி கூடிப்போச்சு என்றான் ஒருவன். ஏறுகிற நேரத்தில் அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எல்வா அவன் காதோடு குனிந்தாள். பார்த்தவர்களுக்கு முத்தம் கொடுப்பது மாதிரி இருந்தது.

"மண்ணுக்குள்ளேருந்து எடுத்துட்டு வந்தேன். அதான் சுருங்கிப்போச்சு."

ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் குளிர்காலம். அது முழுக்க அவர்கள் வீட்டில் அதற்கு மேல் ஒரு பேச்சும் இல்லை. கூரையில் மழை பேசும், அடுப்பில் காய்ந்த யூகலிப்டஸ் வேர்க் கட்டை வெடிக்கும். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கூண்டு பின்னுவார்கள். அவன் குளியல் கொட்டகையில் சோப்பு போட்டும், கொழுப்பு போட்டும், நூல் சுற்றியும் மோதிரத்தை இழுத்துப் பார்க்கும் சத்தம் சமையலறைக்குக் கேட்கும். கோடையில் வறண்ட தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்பது போல அவள் அதைக் கேட்டாள். நகரத்தில் எந்தப் பட்டறையிலும் அதை அறுத்துவிடலாம். அறுத்தால் அக்டோபரில் படகு இல்லை. அறுக்காமல் ரோமாவின் முன்னால் போய் நிற்கவும் முடியாது. அவன் ஒரு முறைகூட விண்டனுக்குப் போகவில்லை.

அக்டோபர் முதல் தேதி ஜெட்டியைப் பனி நனைத்திருந்தது. பெண்கள் வரிசையாக மோதிரங்களைக் கழற்றினார்கள். ஆல்பியின் முறை வந்தபோது எல்வா இழுக்கவே இல்லை. கையை எடுத்துப் பார்த்துவிட்டு, வராது என்றாள்.

நெவில் தானே இழுத்துப் பார்த்தான். பிறகு அரம் கொண்டுவர ஆள் அனுப்பினான். "மோதிரத்தோட என் படகுல காலு வைக்க முடியாது மச்சான். ஒரு நிமிஷ வேலை. எல்வா, கையப் பிடி."

"பிடிக்கிறேன்," என்றாள் எல்வா. "நான் எப்படிச் செத்தேன்னு அவனச் சொல்லச் சொல்லு. சொன்ன ஒடனே பிடிக்கிறேன்."

ஜெட்டியில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆல்பிக்குப் புரிந்தது. அவன் நெவிலைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான்.

"என்ன எழவு இது? சொல்லித் தொலையேன்டா," என்றான் நெவில்.

ஆல்பி தன் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கரைப்பக்கம் நடந்தான். நெவில் வேறொருவனை ஏற்றிக்கொண்டு போனான்.

கரையில் ஆணுக்கு வேலை என்றால் கொட்டகைதான். ஆல்பி அண்டாவில் சிங்கி அவிக்கிற வேலைக்குச் சேர்ந்தான். பெண்கள் மேசைக்கு ஐந்து எட்டுத் தூரத்தில், ஆவிக்குள் நின்றுகொண்டு, கூடை கூடையாகக் கொட்டுவான். பெண்களின் வாய்க்கு அவல் கிடைத்தது. மோதிரத்தைக் கழற்ற மனசில்லாத புருஷனை இப்போதுதான் பார்க்கிறோம் என்றார்கள். மாவிஸ், "எங்க தேடினாலும் கெடைக்காது இந்த மாதிரி பாசம், கடலையே விட்டுட்டான்," என்றாள். அவன் திரும்பியே பார்க்க மாட்டான். எல்வா வாலைத் திருகிக்கொண்டே இருப்பாள். தென்கிழக்கே படகுகள் போகும் நேரத்தில் அவன் கரண்டியை நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பதை அவள் மட்டும் கவனித்தாள். அது அவளுக்கு இனித்தது.

ஜனவரிக் கோடையில், நல்ல வெயில் நாளில், உயிரோடிருந்த சிங்கி ஒன்றின் முள் அவன் இடதுகை மோதிர விரலில் ஏறியது. கொட்டகையில் முள் குத்தாத கை கிடையாது. ரொட்டியைச் சுடுதண்ணீரில் நனைத்துக் கட்டினால் இரண்டு நாளில் வற்றிவிடும். எத்தனையோ பேருக்கு எல்வாவே கட்டிவிட்டிருக்கிறாள். ஆனால் வீங்குவதற்கு அந்த விரலில் இடம் இல்லை. மூன்றாம் நாள் காலையில் இரண்டு கையாலும் பிடிக்கும் தேநீர்க் குவளையை அவன் வலதுகையால் மட்டும் எடுப்பதைப் பார்த்தாள். மோதிரம் சதைக்குள் புதைந்து, தங்கம் ஒரு கோடாக மட்டும் தெரிந்தது.

"எல்வா," என்றான். எட்டு மாதத்தில் அவன் அவள் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "இத எடுத்துவிடு. நெவில் முன்னாடி வந்து கையப் பிடி."

அவள் ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"விண்டனுக்கு எழுது. நான் உயிரோட இருக்கேன்னு. எழுதி எங்கிட்டக் குடு. அப்புறம் வரேன்."

அவன் எழுத்துக்காரன் இல்லை. அன்று மாலை முழுக்க உட்கார்ந்து ஒரு தாளை நீட்டினான். எல்வா உயிரோடு இருக்கிறாள், நான் இனி வர முடியாது, ஆல்பி. அவ்வளவுதான். அவள் படித்துவிட்டு மேசைமேல் வைத்தாள்.

"பொய் சொன்னேன்னு இல்லையே."

மறுநாள் இரண்டாவது கடிதம். பொய் சொன்னேன், தனிமையில் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தான். விரல் அப்போது கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. அது என்ன நிறம் என்று எல்வாவுக்குத் தெரியும். தெரியாது என்று பின்னால் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"தனிமையா? நான் எங்க போயிருந்தேன்? இதே வீட்லதான இருந்தேன். அந்த வார்த்தைய எடுத்துட்டு எழுது."

"கை வலிக்குது எல்வா."

"வலதுகையிலதான எழுதுற."

மூன்றாவது கடிதம் அதற்கு மறுநாள் மத்தியானம் வந்தது. எழுத்து ஓரத்துக்கு ஓடிச் சரிந்திருந்தது. பொய் சொன்னேன். அவளுக்குச் சளி வரவில்லை. பைன் மரமும் இல்லை. அவள் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நான் அழுததும் பொய். அவள் அதை இரண்டு முறை படித்தாள். இனி திருத்த ஒன்றும் இல்லை. தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தபோது, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்ததைக் கண்டாள். அவன் காய்ச்சலில் பல் அடித்துக்கொண்டு, கடிதம் சரியா என்று கேட்பது போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நெவில் லாரியை எடுத்தான். நகரத்து மருத்துவமனையில் மோதிரத்தைக் கத்தரிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை விரலை எடுத்தார்கள். எலும்பு வரை போய்விட்டது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கை, அதற்கும் மேலே விட்டிருந்தால் ஆள் என்றார் டாக்டர்.

வராந்தாவில் நெவிலும் எல்வாவும் உட்கார்ந்திருந்தார்கள். விண்டன் விஷயத்தை அவள் ஏற்கெனவே லாரியில் வரும்போது சொல்லி முடித்திருந்தாள்.

"அக்டோபர்லயே நீ கையப் பிடிச்சிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்," என்றான் நெவில்.

"அக்டோபர்லயே அவன் வாயத் தொறந்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"அது ஜெட்டி. அத்தன பேரு முன்னாடி எந்த ஆம்பள சொல்லுவான்? மூணு லெட்டரு எதுக்கு? அதச் சொல்லு."

எல்வா திரும்பும் வழியில் தபாலாபீஸில் இறங்கி மூன்றாவது கடிதத்தைப் பெட்டியில் போட்டாள்.

அடுத்த அக்டோபர் முதல் தேதி பெண்கள் வழக்கம் போல ஜெட்டிக்கு வந்தார்கள். எல்வாவும் வந்தாள், வராவிட்டால் அதையும் பேசுவார்கள் என்று. மாவிஸின் ஆள் அரிக்கிறது அரிக்கிறது என்று சொல்லிக்கொண்டே கழற்றக் கொடுத்தான். ஆல்பி மூட்டையோடு வந்தான். அவனை நிறுத்தவோ கையைப் பார்க்கவோ யாருக்கும் காரணம் இல்லை. இடதுகையில் மூன்று விரலும் கட்டைவிரலும் இருந்தன. வரிசையில் நிற்காமல் நேராக நடந்து படகில் ஏறினான். ஏறினபிறகு கரையைப் பார்த்து, "காத்து தெக்குன்னா விண்டன் பக்கம் ஒதுங்குவோம்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வது மாதிரிதான் சொன்னான்.

எல்வா இரண்டு கையையும் ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டாள். சுற்றிலும் எல்லாப் பெண்களும் கட்டைவிரலில் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்கள். அவனை என்ன செய்தாலும் இனி அந்தக் கையில் தன் அடையாளம் என்று ஒன்றை மாட்ட முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊரிலேயே மோதிரம் போடுவதா என்ற கேள்வி இல்லாத ஒரே ஆண் அவன். அப்படி ஆக்கியவள் அவள்.

ஆல்பி அதற்கப்புறம் பதினான்கு பருவம் கடலுக்குப் போனான். விண்டனில் ஒதுங்கிய முதல் நாளே தேநீர்க் கடைக்குப் போயிருக்கிறான். ரோமா அவனுக்குத் தேநீர் கொடுத்து, கையைப் பார்த்து, கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், சிங்கி முள்ளா என்று மட்டும் கேட்டாளாம். அடுத்த வருஷம் கடையை விற்றுவிட்டு அடிலெய்டுக்குப் போய் ஒரு டிராம் கண்டக்டரைக் கட்டிக்கொண்டாள். நெவிலின் படகு அறுபத்தேழில் பாறையில் ஏறி உடைந்தது. ஆளுக்குச் சேதமில்லை. அவன் பிறகு உருளைக்கிழங்கு பயிரிட்டான். மாவிஸ் பேசிக்கொண்டே எண்பத்தெட்டு வயது வரை இருந்தாள்.

எல்வாவும் ஆல்பியும் அதே வீட்டில் இன்னும் இருபத்திரண்டு வருஷம் இருந்தார்கள். கூரை, கோழி, மழை என்று பேசிக்கொண்டார்கள். அவனும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை மாவிஸிடம், மோதிரத்தைச் சின்னதாக்கினதுக்கு வருத்தமில்லை, முதல் கடிதத்தையே வாங்கியிருக்கலாம் என்று சொன்னாளாம். ஆல்பி எண்பத்தொன்றில் நெஞ்சு வலியில் போனான். எல்வா ஆறு வருஷம் கழித்து, நிஜமாகவே நெஞ்சுச் சளியில். ஊரில் பைன் மரம் கிடையாது, கல்லறையிலிருந்து கடல் தெரியாது. மோதிரம் கழற்றும் சடங்கு அதற்கு வெகு முன்பே நின்றுவிட்டது. ஆர்டன் துறையில் இப்போது கல்யாணமான ஆண்கள் விருப்பமிருந்தால் மோதிரம் போடுகிறார்கள், இல்லாவிட்டால் இல்லை. பெண்டாட்டிகள் கேட்பதில்லை.